பூட்டிய கதவும் பதினெட்டுக் கடிதங்களும்

மழை என்றால் மழை, அப்படி ஒரு மழை…

வேனிலிருந்து இறங்கிக் கதவு வரைக்கும் ஓடி வருவதற்குள் பதினெட்டுப் பிள்ளைகளும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். பத்தொன்பதாவது பட்டாணி. அன்றைக்கு அவளுக்குத்தான் பிறந்தநாள், ஏழு வயது. எல்லாருக்கும் கடைசியில் கேக் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் தலையை விட்டுவிட்டுப் பெட்டிக்கு ஷாலைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றவள் பட்டாணியின் சித்தி. நம் கதையின் நாயகி.

கதவு பூட்டியிருந்தது.

மணி பதினொன்றாக இன்னும் ஐந்து நிமிடம். இந்த விளையாட்டுக் கூடத்தை ஒரு மாதத்துக்கு முன்பே முழுப் பணம் கட்டிப் பிடித்து வைத்திருந்தாள். அழைப்பு அட்டையில் பட்டாணி தன் கையாலேயே மஞ்சள் சறுக்குமரம் வரைந்து, ‘நீங்கள் எல்லாரும் முதலில் சறுக்கலாம், நான் கடைசி’ என்று எழுதியிருந்தாள். புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இன்னும் ஒரு சிநேகிதிகூட அமையவில்லை. இந்த ஒரு பார்ட்டியை நம்பித்தான் அந்தக் குட்டி மனசு உட்கார்ந்திருந்தது.

“சித்தி, உள்ளே ஆள் இருக்காங்க!”

பிள்ளைகள் வரிசையாகக் கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்து அழுத்தினார்கள். சித்தியும் அழுத்தினாள். வயது இருபத்தேழு ஆனால் என்ன, மூக்கு மூக்குதானே.

உள்ளே மங்கலான வெளிச்சம். கூடத்தின் நடுவில் இரண்டு மாடி உயரத்துக்குக் குழாய் போல அந்த மஞ்சள் சறுக்குமரம். அதன் வாயிலிருந்து முதலில் இரண்டு கால்கள் வந்தன. சாக்ஸ் போட்ட பெரிய ஆம்பளைக் கால்கள். அப்புறம் வயிறு, நெஞ்சு, மூக்குக் கண்ணாடி… முழுசாக ஓர் ஆள் வழுக்கி வந்து விழுந்து, எழுந்து, தலையைச் சாய்த்து எதையோ யோசித்துவிட்டு, மறுபடி படியேறி மேலே போனான். மறுபடி சறுக்கினான்.

“அய்யய்யோ… இவ்ளோ பெரிய அங்கிள் தனியா விளையாடறாரு!” என்றது ஒரு வாண்டு.

அவளுக்கு வந்த கோபத்தில் மழைத்தண்ணீர் தலையிலேயே ஆவியாகியிருக்க வேண்டும். கதவைப் படபடவென்று தட்டினாள். அவன் திடுக்கிட்டுத் திரும்பி, வாசலில் நின்ற பட்டாளத்தைப் பார்த்து, சாக்ஸ் காலோடு ஓடி வந்தான். கதவைத் திறக்கவில்லை. இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது, அதில் வாயை வைத்தான்.

“இன்னைக்குத் திறக்க முடியாதுங்க. மன்னிச்சிடுங்க.”

“என்னது? பதினோரு மணிக்கு எங்களுக்குத்தான் புக்கிங். ரசீது இருக்கு. பாருங்க!”

“தெரியும்ங்க.”

“தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே பூட்டி வச்சுட்டு, நீங்க மட்டும் உள்ளே ஜாலியா சறுக்கிட்டு இருக்கீங்களா?”

“ஐயோ… இது அது இல்லங்க.”

“பின்ன எது?”

அவன் வாயைத் திறந்தான். மூடினான். தலையைக் குனிந்துகொண்டான்.

“ஏன்னாவது சொல்லுங்க! கரண்ட் இல்லையா? சாவி இல்லையா? ஏன்?”

அவன் நிமிர்ந்து அவளை மட்டும் பார்த்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மூக்குக் கண்ணாடிக்கு அளவெடுப்பவள். ஒரு நாளைக்கு முப்பது ஜோடிக் கண்களை ஒரு சாண் தூரத்தில் பார்த்துப் பார்த்து, எந்தக் கண் தூங்கவில்லை, எந்தக் கண் அழுதிருக்கிறது, எந்தக் கண் பொய் சொல்கிறது என்று ஓரளவு கணக்குத் தெரியும். இந்தக் கண்கள் பொய் சொல்லவில்லை. பெரிய கண்கள், இமைகள் நீளம், அதில் அப்பட்டமான வெட்கம்… அட, வெட்கப்படுகிறவன் கதவைத் திறந்துவிட வேண்டியதுதானே?

அந்த ஆத்திரத்திலும் தொழில் புத்தி விடுகிறதா பாருங்கள். அவன் கண்ணாடி இடது பக்கம் இறங்கியிருந்தது. அவள் கை தன்னையறியாமல் எழுந்து, ‘இடது பக்கம் கோணல், தூக்கிவிடு’ என்று சைகை காட்டிவிட்டது. அவன் குழம்பிப்போய்க் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தான். தன் கையைத் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

கேக்கை பஸ் நிழற்குடையில் வைத்து வெட்டினார்கள். ஊதுவதற்கு முன்பே காற்று மெழுகுவர்த்தியை அணைத்தது. பட்டாணி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று சித்திக்கு இருந்தது.

*

இழப்பீடு கேட்டு அன்றே கடிதம் எழுதினாள். ஆறாம் நாள் கூடத்தின் உரிமையாளரிடமிருந்து பதில் வந்தது.

‘வாடிக்கையாளர் குறித்த நேரத்துக்கு வரத் தவறியதால் நிகழ்ச்சி ரத்தானது. விதிமுறைப்படி இழப்பீடு எதுவும் கிடையாது.’

“அடப்பாவிகளா!” என்றாள் அக்கா, பட்டாணியின் அம்மா. நர்ஸ். இரவுப் பணி முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். “அஞ்சு நிமிஷம் முன்னாடியே போய் நின்னீங்களே!”

பதில் கடிதத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. பட்டாணியின் வகுப்பில் ஒரு பெண்ணின் அம்மா கூடத்துக்கே போன் போட்டு விசாரித்திருக்கிறாள். அங்கேயும் இதே பதில். அது வீட்டுக்கு வீடு மாறி, பிள்ளைகள் வாய்க்கு வந்து சேரும்போது இப்படி ஆகியிருந்தது: பட்டாணி வீட்டில் புக்கே பண்ணவில்லை, சும்மா ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

“என்னைப் புளுகுமூட்டைன்னு கூப்பிடறாங்க சித்தி,” என்றாள் பட்டாணி, ஷூவைக் கழற்றிக்கொண்டே, யாருக்கோ நடந்த மாதிரி. “நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகல. வயிறு வலிக்கும்.”

நாளைக்கு வலிக்கப்போகிற வயிற்றை இன்றைக்கே ஒரு குழந்தை சொல்கிறது என்றால்…

அன்றைக்கே நுகர்வோர் புகார் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். இழப்பீடு என்ற கட்டத்தில் தொகை எழுதவில்லை. ‘உண்மையை எழுதித் தர வேண்டும்’ என்று எழுதினாள். குமாஸ்தா அதைப் பார்த்து, “இது எத்தனை ரூபாய்ங்க?” என்று கேட்டார்.

*

அடுத்த திங்கட்கிழமை மத்தியானம். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கடையில் அவள் மட்டும். மேசைக்கு அடியில் விழுந்த திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தபோது குரல் கேட்டது.

“கண்ணாடி சரி பண்ணணும்ங்க.”

நிமிர்ந்தாள். அவனேதான்! ஆனால் அவன் அதற்குள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பொத்தாம் பொதுவாக அவள் இருந்த திசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நல்ல பவர். எடுத்துவிட்டால் எதிரில் இருப்பது ஆளா அலமாரியா என்றே தெரியாது.

அவளுக்குள் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது.

“என்ன ஆச்சு இதுக்கு?” என்றாள், குரலை மாற்றி.

“சறுக்குமரத்துல மாட்டி வளைஞ்சிடுச்சு. நான் கவனிக்கவே இல்ல. ஒருத்தங்க சைகையில சொன்னாங்க, இடது பக்கம் இறங்கியிருக்குன்னு. அதுலேர்ந்து உறுத்திக்கிட்டே இருக்கு.”

“யாரு அந்த ஒருத்தங்க?”

“தெரியாதுங்க. கையில கேக் பெட்டி. என்னைக் கண்ணாலயே எரிச்சுட்டாங்க.”

“ஓஹோ… பாக்க எப்படி இருந்தாங்க?”

“அதையெல்லாம் கவனிக்கற நிலமையில நான் இல்லங்க.” காது சிவந்தது. “ஆனா… கண்ணு ஞாபகம் இருக்கு.”

திருகாணி எங்கே போனால் என்ன என்று ஆகிவிட்டது அவளுக்கு. சமாளித்துக்கொண்டு, “இந்த ஃப்ரேம் தாங்காது, புதுசுதான் போடணும். உக்காருங்க, அளவெடுக்கணும்,” என்றாள்.

எதிரே உட்கார்ந்தாள். சின்ன அளவுகோலை அவன் புருவத்துக்குக் கீழே வைத்தாள். கண்மணிக்கும் கண்மணிக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும். தினம் முப்பது தடவை செய்கிற வேலை. இன்றைக்கு ஏனோ கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்தன. பழுப்புக் கண்கள்… வெளியே மேகம் விலகி, ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்தபோது தேன் நிறமாயின.

“என் மூக்கை நேரா பாருங்க. அசையாதீங்க. அசையலைல்ல? நல்லது. அந்தப் பொண்ணு நான்தான்.”

அவன் எழப் பார்த்தான்.

“உக்காருங்க! கண்ணாடி என் கையில இருக்கு. வாசல் எந்தப் பக்கம்னாவது தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது…” என்றான் பரிதாபமாக.

“அப்ப சொல்லுங்க. அன்னைக்கு ஏன் திறக்கல?”

“சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்கான். கூடம் அவனோடது. நான் அங்க மெக்கானிக். யாராவது கேட்டா கரண்ட் இல்லைன்னு சொல்லச் சொன்னான். எனக்குப் பொய் வரல. உண்மை சொல்ல அனுமதி இல்ல. அதான் நின்னேன்.”

“மண்ணு மாதிரி நின்னீங்க.”

“ஆமா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினாள். “சரி, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானே கேக்கறேன். எதுக்கு அப்படிச் சறுக்கிட்டு இருந்தீங்க?”

அவன் பார்வையை அவள் மூக்கிலிருந்து எடுக்கவில்லை. அப்படியே மெதுவாகச் சொன்னான். தினமும் கூடம் திறப்பதற்கு முன்னால் எல்லா விளையாட்டுக் குகையிலும் அவன் தவழ்வான், எல்லாச் சறுக்குமரத்திலும் சறுக்குவான். கையால் தட்டிப் பார்த்தால் தெரியாதது முதுகால் சறுக்கினால் தெரியும். அன்று காலை மூன்றாவது இணைப்பைத் தாண்டும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். முதலில் ஒரு போல்ட்டை முடுக்கினான். போகவில்லை. பதினோரு தடவை சறுக்கி, சத்தம் வந்த இடத்தைக் கண்டுபிடித்தான். மயிரிழை அகலத்துக்கு ஒரு விரிசல். ஆள் ஏறினால் வாயைத் திறந்து, இறங்கினால் மூடிக்கொள்கிற விரிசல். அதை அடைத்துவிட முடியுமா என்று பார்க்கத்தான் அவர்கள் வரும் வரைக்கும் மறுபடி மறுபடி சறுக்கிக்கொண்டிருந்தான்.

“என் சுண்டுவிரல் நகம் உள்ள போச்சுங்க. குழந்தைங்க விரல் எவ்ளோ சின்னது… எல்லாக் குகையும் அந்தச் சறுக்குலதான் போய் முடியுது. கதவைத் திறந்துட்டா பத்தொன்பது பேரை நான் ஒருத்தன் பிடிச்சு நிறுத்த முடியுமா? அதான் பூட்டினேன். காலையிலேயே அண்ணனுக்குச் சொல்லிட்டேன். உங்களுக்குப் போன் பண்றேன்னான். பண்ணலைன்னு நீங்க வந்து நின்னப்பதான் தெரிஞ்சுது.”

அவள் கையில் இருந்த அளவுகோல் கீழே இறங்கியிருந்தது. இத்தனை நாள் திட்டித் தீர்த்தது யாரை? பத்தொன்பது பிள்ளைகளின் விரல்களை முழுசாக வீட்டுக்கு அனுப்பியவனை.

போனை எடுத்து, அதில் படம் பிடித்து வைத்திருந்த உரிமையாளரின் பதில் கடிதத்தைக் காட்டி அவன் கையில் கொடுத்தாள். மூக்கில் இடிக்கும் தூரத்தில் வைத்துப் படித்தான். முகம் கறுத்தது.

“இது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. நீங்க சீக்கிரமாதானே வந்தீங்க?”

“அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பட்டாணி கிளாஸுக்குத் தெரியாது.” புளுகுமூட்டைக் கதையைச் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. “எனக்கு ஒரு பைசா வேணாம். அவ பொய் சொல்லலைன்னு அந்தப் பதினெட்டுப் பேர்கிட்டயும் யாராவது சொல்லணும். அதுதான் எனக்கு நஷ்ட ஈடு.”

அவன் யோசிக்கவே இல்லை.

“நான் எழுதித் தரேன்,” என்றான்.

*

புதுக் கண்ணாடி வாங்க புதன்கிழமை வந்தான். கூடவே ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே பதினெட்டு உறைகள்.

பிள்ளைகளின் பெயர் அவனுக்குத் தெரியாது. அதனால் கதவு வழியே தான் பார்த்ததையே பெயராக எழுதியிருந்தான். ‘சிவப்புக் குடையைத் தலைகீழாகப் பிடித்திருந்த தம்பிக்கு.’ ‘ஒரு ஷூவை வேனிலேயே விட்டுவிட்டு வந்த பாப்பாவுக்கு.’ ‘மூக்கை அழுத்திக் கண்ணாடியில் வட்டம் போட்டவருக்கு.’ ஒரு கடிதம்கூட இன்னொன்றைப் போல இல்லை. ஒவ்வொன்றிலும் அந்த விரிசலின் படம். கீழே: ‘உங்கள் தோழியின் சித்தி புக் செய்திருந்தார். சரியான நேரத்துக்கு முன்பே வந்தார். கதவைப் பூட்டியது நான். உங்கள் தோழி பொய் சொல்லவில்லை.’ கையெழுத்து.

அவள் நின்றபடியே ஐந்தாறு கடிதங்களைப் படித்தாள். அந்த ஐந்து நிமிடக் கலவரத்தில், திட்டு வாங்கிக்கொண்டு நின்ற அந்த ஆள், பதினெட்டுப் பிள்ளைகளையும் தனித்தனியாகப் பார்த்திருக்கிறான்! எப்படிப்பட்டவன் இவன்? இன்னும் என்னவெல்லாம் பார்த்திருப்பான்? அவளுக்கு அவனைப் பற்றி எல்லாமே தெரிய வேண்டும் போலிருந்தது. என்ன சாப்பிடுவான், எதற்குக் கோபப்படுவான், தூங்கும்போது எந்தப் பக்கம் புரண்டு படுப்பான்… சீச்சீ, இது என்ன ஆராய்ச்சி!

“உங்க அண்ணனுக்குத் தெரியுமா?” என்றாள்.

“இல்ல.”

“தெரிஞ்சா?”

“அவன் வீட்டு மாடி ரூம்லதான் இருக்கேன். காலி பண்ணச் சொல்லுவான். அப்பா போனப்புறம் என்னை வளர்த்தது அவன்தான். அவன் சொல்லி நான் மீறினதே இல்ல.”

“அப்புறம் ஏன் எழுதினீங்க?”

“பட்டாணிக்கு ஏழு வயசு, எனக்கு முப்பது. பொய்க்காரன்னு யாராவது பேர் வாங்கித்தான் ஆகணும்னா, யார் தாங்குவாங்க சொல்லுங்க?”

அவ்வளவுதான். அந்த இடத்திலேயே, ஃப்ரேம் அலமாரிக்கும் கண் பரிசோதனை எழுத்துப் பலகைக்கும் நடுவில், அவள் விழுந்துவிட்டாள். விழுந்ததை வெளியே காட்டாமல், “இதை நான் கொடுக்க மாட்டேன்,” என்றாள்.

“என்னது?”

“பிள்ளைங்ககிட்ட போனா அம்மாக்கள் படிப்பாங்க. அம்மாக்கள் படிச்சா சாயங்காலத்துக்குள்ள உங்க அண்ணன் காதுக்குப் போகும். வெள்ளிக்கிழமை விசாரணை இருக்கு. நான் வேற வழி பாத்துக்கறேன்.”

அவன் முகம் சுண்டியது. “என்னைப் பாத்தா பாவமா இருக்கா உங்களுக்கு?”

“அப்படி இல்ல…”

“அப்படித்தான். இரக்கப்படுங்கன்னு நான் எழுதல. கொடுக்கறதா இருந்தா வச்சுக்கங்க. இல்லைன்னா குப்பையில போடுங்க.”

புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டான். அது சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கக்கூட விடவில்லை. என்ன ரோஷம், அம்மாடி!

*

வெள்ளிக்கிழமை.

புகார் அலுவலகத்தில் ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி அம்மாள், இந்தப் பக்கம் நான்கு நாற்காலி. ஒன்றில் கூடத்து உரிமையாளர், பருத்த மனிதர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்கள் மட்டும் தம்பியின் கண்கள். அது வேறு அவளைப் படுத்தியது. பட்டாணி பக்கத்தில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் அவளுக்கு ‘வயிற்று வலி’, அக்காவுக்குப் பகல் பணி, விட்டுவிட்டு வர ஆளில்லை.

“இவங்க லேட்டா வந்தாங்க மேடம். அவ்ளோதான் விஷயம்,” என்றார் உரிமையாளர்.

“நீங்க சொல்லுங்கம்மா. நேரத்துக்கு வந்தீங்கன்னு ஏதாவது ஆதாரம் இருக்கா? யாராவது எழுதிக் கொடுத்தது?”

கடிதங்கள் மடியில் இருந்த பைக்குள் இருந்தன. எடுத்து மேசைமேல் வைத்தால் வேலை முடிந்தது. பட்டாணிக்கு விடிந்துவிடும். அவனுக்கு…?

இரண்டு நாளாகத் தூக்கமில்லை அவளுக்கு. இந்தக் கை எடு என்றது, அந்தக் கை வேண்டாம் என்றது. கடைசியில் வாய் முந்திக்கொண்டது.

“இல்ல மேடம். ஒண்ணும் இல்ல.”

ஷாலை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

“சித்தி… பையில லெட்டர் இருக்கே.”

“பட்டாணி, சும்மா இரு.”

“இருக்கு! பதினெட்டு இருக்கு! நீதானே வெள்ளிக்கிழமை காட்டலாம்னு சொன்ன?” பட்டாணியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. பஸ் நிழற்குடையில் வராத கண்ணீர் இப்போது வந்தது. “நீ ஏன் சித்தி பொய் சொல்ற? நான் சொன்னா மட்டும்… நான் சொல்லாததுக்கே என்னைப் புளுகுமூட்டைங்கறாங்க…”

சித்திக்கு உலகமே நின்றுவிட்டது. யாருக்காக இந்தப் படி ஏறினாளோ அந்தக் குழந்தை முன்னாலேயே பொய் சொல்லியிருக்கிறாள். பட்டாணியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“தப்புதான்டி செல்லம். சித்தி பண்ணினது பெரிய தப்பு.”

அதிகாரி அம்மாள் பேனாவை மூடி வைத்தார். குரலில் கோபம் இல்லை, ஆர்வம்தான் இருந்தது. “ஜெயிக்கறதுக்கான ஆதாரத்தை மறைக்கற ஆளை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன். ஏம்மா?”

“கொடுத்தா எழுதினவருக்கு வீடு போயிடும் மேடம். அவர் நல்லவர். கதவைப் பூட்டினதே இந்தப் பிள்ளைங்களுக்காகத்தான். பட்டாணிக்காகக் கொடுத்தே ஆகணும்னு புத்திக்குத் தெரியுது… ஆனா கை வரல.”

“உங்க சொந்தக்காரரா?”

“இல்ல. மூணு தடவைதான் பாத்திருக்கேன்.”

“மூணே தடவையா?”

“மூணாவது தடவை சண்டை,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனி என்ன ஒளிவு மறைவு? “எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கு மேடம். அதான் பொய் சொன்னேன்.”

உரிமையாளரின் கைக்குட்டை பாதிக் கழுத்தில் நின்றது. “யாரு… யாரைச் சொல்றீங்க?”

“என்னைத்தான் அண்ணா.”

வாசலில் அவன் நின்றிருந்தான். தலை நனைந்திருந்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை, அவனாகவே வந்திருந்தான்.

“நீ எங்கடா இங்க?”

“உள்ளது சொல்ல வந்தேன். விரிசலைப் பாத்தது நான், பூட்டினது நான். இவங்க அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்து நின்னாங்க. உனக்குக் காலையில ஒன்பது மணிக்கே போன் பண்ணினேன்.”

“அறிவிருக்காடா உனக்கு?” அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. “விரிசல்னு வெளிய தெரிஞ்சா எவன்டா பிள்ளையைக் கூட்டிட்டு வருவான்? பதினொரு வருஷமா ராப்பகலா கட்டினது! பதினோரு மணிக்குள்ள சரியாயிடும்னு நினைச்சேன். ஆகல. அப்புறம் என்னடா சொல்லச் சொல்ற?”

“நான் கூட்டிட்டு வருவேன்,” என்றார் அதிகாரி அம்மாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“எனக்கும் பேரன் இருக்கான். விரிசல் எங்கதான் வராது? தினம் தேடிப் பாத்து, கண்டுபிடிச்சா வாசலைப் பூட்டற ஆள் எந்த இடத்துல இருக்காரோ, அங்கதான் நான் அவனை விடுவேன். அதைப் போய் மறைச்சிருக்கீங்களே, சார்.”

அண்ணன் மறுபடி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அந்த நேரம் பார்த்துப் பட்டாணி சித்தி மடியிலிருந்து இறங்கி அவர் எதிரே போய் நின்றாள்.

“எங்க சித்தி புக் பண்ணினாங்களா, இல்லையா?”

அவர் அவளைப் பார்த்தார். அவள் நகரவில்லை. கைக்குட்டையைக் கசக்கினார், ஜன்னலைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். ஒரு வழியும் அகப்படவில்லை.

“பண்ணினாங்கம்மா.” குரல் கம்மியது. “நேரத்துக்கும் வந்தாங்க. பொய் சொன்னது நான்தான்.”

“அப்ப அதை எழுதிக் கொடுங்க.”

அதிகாரி அம்மாள் ஒரு தாளையும் பேனாவையும் சத்தமில்லாமல் அவர் பக்கம் தள்ளினார். அவர் எழுதினார். எழுதி முடித்து, தம்பியை நிமிர்ந்து பார்க்காமலே, “வீட்டுக்கு வா, பேசிக்கறேன்,” என்று உறுமினார். அப்புறம் ஏதோ நினைத்தவர் போல, “மாடி ரூமுக்கு இனிமே வாடகை கொடு. தனியா முடிவெடுக்கற அளவுக்குப் பெரிய மனுஷன் ஆயிட்டேல்ல,” என்றார்.

கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார் என்று பயந்தவனுக்கு வாடகை ஒரு தண்டனையா? அவன் கண் கலங்கியது.

*

வெளியே தாழ்வாரம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. பட்டாணி தூணோரம் உட்கார்ந்து, பதினெட்டு உறைகளையும் அண்ணன் எழுதிய தாளையும் மடியில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை யாருக்கு முதலில் கொடுப்பது என்பது அவளுக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது. வயிறு வலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

இவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் மழையைப் பார்த்தார்கள்.

“நீங்க… எப்ப வந்தீங்க? வாசலுக்கு?” என்றாள்.

“கொஞ்சம் முன்னாடி.”

“கொஞ்சம்னா?”

“மூணு தடவைதான் பாத்திருக்கேன்னு சொன்னீங்களே… அப்ப.”

“ஐயோ!” முகத்தைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கு வழியே பார்த்தால், அவனும் அவளுக்குக் குறையாமல் சிவந்துபோய் நின்றான்.

“அன்னைக்குக் கோபமா பேசிட்டேன்,” என்றான். “இரக்கம்னு நினைச்சேன். அது வேறன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“இப்பத் தெரியுதா?”

“தெரியுது. நான் ஒண்ணு சொல்லணும்.” தொண்டையைச் செருமினான். “பதினெட்டு எழுதி முடிச்சதும் உங்களுக்கும் ஒண்ணு எழுத உக்காந்தேன். நாலு தாள் கிழிச்சேன். வரல. பிள்ளைங்களுக்குச் சுலபமா எழுதிட்டேன், உங்களுக்கு முதல் வரியே வரலைங்க. அதனால வாயாலயே சொல்லிடறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அன்னைக்குக் கதவுக்கு வெளிய நின்னு ஏன் ஏன்னு கேட்டீங்களே, அப்பவே. உள்ளேருந்து பதில் சொல்ல முடியாம நின்னது மாதிரி ஒரு கொடுமை எனக்கு வந்ததில்ல.”

இதைக் கேட்பதற்காகத்தானா இந்த இரண்டு நாளும் கண் மூடாமல் கிடந்தோம் என்றிருந்தது அவளுக்கு. கையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். போல்ட் முடுக்கிக் காய்த்துப்போன கை… ஆனால் எவ்வளவு பதமாகப் பிடிக்கிறான்!

“எனக்கும்தான்,” என்றாள். “உள்ளே எல்லார் முன்னாடியும் சொன்னேனே, அதேதான். ஒரு வார்த்தை மாத்த மாட்டேன்.”

எண்ணிக்கொண்டிருந்த பட்டாணி நிறுத்தினாள். எழுந்து வந்து, இருவருக்கும் நடுவில் நின்று, சேர்ந்திருந்த கைகளைப் பார்த்தாள். பிறகு சித்தியின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“நிஜமாவா சித்தி?”

அவள் குனிந்து அந்தக் குட்டிக் கண்களுக்கு நேராகத் தன் கண்களை வைத்தாள்.

“நிஜம்,” என்றாள்.